39 லட்சம் ஓட்டு, ஒரே ஒரு எம்.பி.

2015 மே மாதம் பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. யூகிப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐக்கிய ராஜ்ஜிய சுதந்திரக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 39 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பதிவான ஓட்டில் அது எட்டில் ஒரு பங்கு. அந்தக் கட்சிக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு எம்.பி. அதே தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி வாங்கியது சுமார் பதினான்கரை லட்சம் ஓட்டுதான். அதற்கு 56 எம்.பி.க்கள்.

யூகிப் தோற்றுப்போனது என்று இதோடு கணக்கை முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டே, 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்று பிரிட்டன் மக்கள் 51.9 சதவீத ஓட்டுகளால் முடிவு செய்தார்கள். யூகிப் பிறந்ததே அந்த ஒரு கோரிக்கைக்காகத்தான். நினைத்தது நடந்துவிட்டதே, கட்சி இனி ஓங்கி வளரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அதுவும் நடக்கவில்லை. 2017 தேர்தலில் அதன் ஓட்டு 1.8 சதவீதமாகச் சுருங்கியது. கையில் இருந்த ஒரு இடமும் போனது.

ஓட்டு இருந்தபோது இடம் இல்லை. கோரிக்கை நிறைவேறியபோது கட்சியே இல்லை. வெளியிலிருந்து கிளம்பி வந்து பெரிய கட்சிகளை உலுக்குகிற ஒரு இயக்கம் தேர்தல் அரசியலில் நிலைத்த இடம் பிடிக்க முடியுமா என்று கேட்டால், இந்த மூன்று செய்திகளையும் சேர்த்து வைத்துத்தான் பதில் தேட வேண்டும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்ப்போம்.

இப்படிப்பட்ட கட்சிக்கு இங்கே நாம் கலகக் கட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரிய கட்சிகள் இரண்டும் மாறிமாறி ஆள்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. அந்த விஷயத்தில் மனக்குறை உள்ள மக்களுக்குப் போக்கிடம் இல்லை. அந்தக் குறையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் வெளியிலிருந்து வருகிறார். 1993-இல் லண்டனில் வரலாற்றுப் பேராசிரியர் ஆலன் ஸ்கெட் யூகிப்பைத் தொடங்கியபோது நிலைமை அதுதான். ஐரோப்பாவோடு இன்னும் நெருங்கிப் போகும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமை ஆதரித்தது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் தலைமையும் ஐரோப்பாவின் பக்கமே இருந்தது. வேண்டாம் என்றவர்களுக்குத் தனியாக ஒரு வீடு தேவைப்பட்டது.

இனி ஓட்டு எப்படி இடமாகிறது என்று பார்ப்போம். பிரிட்டனில் 650 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கு இடம். இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை. நம் ஊர் முறையும் இதுதான், அங்கிருந்து வந்ததுதான். மாவட்டம் முழுக்கப் பரவலாகத் தூறல் போட்டால் மண் நனையும், ஆனால் ஒரு ஏரியும் நிரம்பாது. அதே அளவு தண்ணீர் ஒரே ஏரியின் நீர்ப்பிடிப்பில் கொட்டித் தீர்த்தால் ஏரி மறுகால் பாயும். யூகிப்புக்கு விழுந்தது தூறல். 120 தொகுதிகளில் இரண்டாம் இடம் வந்தும் ஒன்றில்தான் ஜெயித்தது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கோ ஒரே இடத்தில் அடைமழை. ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் மட்டும் நின்று, அங்கே விழுந்த ஓட்டில் பாதியை அள்ளியது.

எந்தக் கொள்கைக்காரர்களின் ஓட்டானாலும், 39 லட்சம் பேரின் குரலுக்கு ஒற்றை நாற்காலி என்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். யூகிப்பின் கொள்கை பிடிக்காதவர்களும் இதை அநியாயம் என்று சொல்ல வேண்டும். வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறைக்கு மாறலாமா என்று 2011-இல் பிரிட்டன் மக்களிடமே கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். விதி அப்படியே இருக்கிறது.

இப்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருகிறோம். ஜெயிக்காத கட்சிக்குப் போட்ட ஓட்டு வீண் என்று நாம் நினைக்கிறோம். வேட்பாளரைப் பற்றி, ‘அவர் ஓட்டைப் பிரிக்க நிற்கிறார்’ என்று குறையாகச் சொல்கிறோம். இடம் இருந்தால்தான் பலம், பலம் இருந்தால்தான் நாடு மாறும் என்று ஒரு வரிசை நம் மனதில் பதிந்திருக்கிறது. கலகக் கட்சிகள் விஷயத்தில் அந்த வரிசை பொருந்தாது. ஓட்டைப் பிரிப்பதுதான் அவற்றின் பலமே.

ஒரு தொகுதியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இங்கிலாந்தின் கிழக்கே தென்மேற்கு நார்ஃபோக் என்று ஒரு தொகுதி. பெரும்பாலும் விவசாய பூமி. கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் அங்கே எம்.பி.யாக இருந்தார். 2019-இல் அவர் 26 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் தோற்பார் என்று யாரும் எளிதில் நினைக்க மாட்டார்கள். 2024-இல் அங்கே தொழிற்கட்சிக்கு 11,847 ஓட்டு, டிரஸ்ஸுக்கு 11,217. யூகிப்பின் வாரிசான ரிஃபார்ம் யூகே கட்சிக்கு 9,958. சுயேச்சை ஒருவர் ஆறாயிரத்துக்கு மேல் வாங்கினார். டிரஸ் 630 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவருக்குக் கிடைத்ததே நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்.

ரிஃபார்முக்குப் போட்டவர்கள் எல்லோரும் டிரஸ்ஸுக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் வேறு பக்கம் போயிருப்பார்கள். ஆனால் அந்தப் பத்தாயிரம் பேரில் பத்தில் ஒருவர் கூடுதலாக டிரஸ் பக்கம் வந்திருந்தாலே முடிவு மாறியிருக்கும். மூன்றாவதாக வந்த கட்சிதான் அந்தத் தொகுதியின் எம்.பி. யார் என்று தீர்மானித்தது.

இப்போது ஒரு பெரிய கட்சியின் தலைமையகத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். முன்னால் தொகுதிப் பட்டியல் இருக்கிறது. ஆயிரம் ஓட்டில் ஜெயித்தது, இரண்டாயிரம் ஓட்டில் தோற்றது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. 2010 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306 இடம். பெரும்பான்மைக்கு இன்னும் 20 தேவைப்பட்டது. லிபரல் டெமாக்ரட் கட்சியோடு கூட்டணி ஆட்சி அமைக்க வேண்டியதாயிற்று. யூகிப்புக்கு அந்தத் தேர்தலில் 3.1 சதவீதம், ஒரு இடமும் இல்லை. ஆனால் கன்சர்வேட்டிவ் நூலிழையில் தவறவிட்ட சில தொகுதிகளில், தோற்ற வித்தியாசத்தைவிட யூகிப் வாங்கிய ஓட்டு அதிகமாக இருந்தது. பட்டியலைப் பார்க்கிற கண் அங்கேதான் போய் நிற்கும்.

அங்கேதான் நின்றது. 2013 ஜனவரி 23 அன்று பிரதமர் டேவிட் கேமரன் லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த தேர்தலில் ஜெயித்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வேண்டாமா என்று மக்களிடமே கேட்போம் என்று வாக்குறுதி கொடுத்தார். அன்றைக்கு யூகிப்புக்குத் தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு எம்.பி.கூட மக்களவையில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே கேமரன் அந்தக் கட்சிக்காரர்களைக் கிறுக்கர்கள் என்று ஒதுக்கித் தள்ளியவர். அவர்களுடைய தலையாய கோரிக்கை இப்போது ஆளும் கட்சியின் வாக்குறுதியாகிவிட்டது.

யூகிப் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொன்னால் அது மிகை. கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளேயே ஐரோப்பா விஷயத்தில் பல ஆண்டுகளாகப் புகைச்சல் இருந்தது. 2011 அக்டோபரில் இந்த வாக்கெடுப்பைக் கேட்டு 81 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டார்கள். வெளியே இருந்த கட்சி, உள்ளே இருந்த அதிருப்தியாளர்களின் கையில் ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது. நம் கோரிக்கையை ஏற்காவிட்டால் அங்கே ஓட்டுப் போகும் என்று அவர்கள் தலைமையிடம் சொல்ல முடிந்தது. வெளியிலிருந்து வரும் அழுத்தமும் உள்ளே இருக்கும் பிளவும் சேரும்போதுதான் கலகக் கட்சியின் மிரட்டல் பலிக்கும். உள்ளே பிளவில்லாத கட்சியிடம் அது அவ்வளவாக எடுபடாது.

யூகிப் உயிரோடு இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கான தேர்தலில் பிரிட்டன் 1999 முதல் விகிதாசார முறைக்கு மாறியது. இத்தனை சதவீதம் ஓட்டுக்கு இத்தனை இடம் என்ற கணக்கு. அங்கே தூறலுக்கும் மதிப்பு உண்டு. அந்த ஆண்டே யூகிப்புக்கு மூன்று இடம் கிடைத்தது. பின்னாளில் கட்சித் தலைவரான நைஜல் ஃபராஜ் அப்படித்தான் முதன்முதலில் உறுப்பினரானார். 2004-இல் 12, 2009-இல் 13, 2014-இல் 24 இடத்தோடு முதல் இடம். இரு பெரும் கட்சிகளைத் தவிர வேறொரு கட்சி நாடு தழுவிய தேர்தலில் முதலாவதாக வந்தது நூறாண்டுக்கு மேலாக நடக்காதது. ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன அமைப்பே அவர்களுக்குச் சம்பளமும், அலுவலகமும், பேச ஒரு மேடையும் கொடுத்தது. எந்தப் புதிய கட்சியைப் பார்த்தாலும், தேர்தல் இல்லாத வருடங்களில் அதற்குச் சோறு போடுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

சரி, செல்வாக்கு வந்ததைப் பார்த்தோம். அது ஏன் நிலைக்கவில்லை?

மிரட்டலால் வருகிற செல்வாக்கு, மிரட்டல் இருக்கும்வரைதான். பெரிய கட்சி கோரிக்கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டால், ஓட்டுப் போட்டவர்கள் அங்கே திரும்பிவிடுவார்கள். 2016-க்குப் பிறகு அதுதான் நடந்தது. வெளியேற்றம் முடிவாகிவிட்டது, அதை நடத்தப்போவது கன்சர்வேட்டிவ் அரசு, பிறகு யூகிப் எதற்கு? ஃபராஜ் 2019-இல் பிரெக்ஸிட் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியபோதும் இதே கதைதான் ஒரே ஆண்டுக்குள் திரும்ப நடந்தது. மே மாதம் ஐரோப்பியத் தேர்தலில் 29 இடத்தோடு முதலிடம். டிசம்பர் பொதுத்தேர்தலில், வெளியேற்றத்தை விரும்புவோரின் ஓட்டுப் பிரியக்கூடாது என்று, கன்சர்வேட்டிவ் கையில் இருந்த 317 தொகுதிகளில் வேட்பாளரையே நிறுத்தவில்லை. மற்ற இடங்களில் நின்றும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

2015-இல் யூகிப் ஜெயித்த அந்த ஒரே தொகுதி கிளாக்டன். எஸெக்ஸ் கடற்கரையில் ஒரு விடுமுறை ஊர். அதையொட்டி ஜேவிக் என்று ஒரு குடியிருப்பு. 1930-களில் லண்டன்காரர்கள் கோடை விடுமுறைக்கு வந்து தங்கச் சிறு மரவீடுகள் கட்டிய இடம். காலப்போக்கில் அவற்றிலேயே மக்கள் ஆண்டு முழுவதும் குடியிருக்கத் தொடங்கினார்கள். அரசின் வறுமைக் கணக்கெடுப்பில் 2010, 2015, 2019 மூன்று முறையும் இங்கிலாந்தின் மிகப் பின்தங்கிய பகுதியாக ஜேவிக்கின் ஒரு பகுதிதான் வந்தது. 2014-இல் டக்ளஸ் கார்ஸ்வெல் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து தாவி, இடைத்தேர்தலில் கிளாக்டனை யூகிப்புக்கு ஜெயித்துக் கொடுத்தார். 2017-இல் அவர் விலகியதும் தொகுதி கன்சர்வேட்டிவுக்கே திரும்பியது. 2024-இல் ஃபராஜ் அங்கே நின்றார். அதற்கு முன் ஏழு முறை மக்களவைக்கு நின்று ஏழு முறையும் தோற்றவர், கிளாக்டனில் எட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இடையில் கட்சிகளின் பெயர்தான் மாறியது, ஜேவிக்கின் குறை அங்கேயேதான் இருந்தது.

நிலைத்து நின்ற கலகக் கட்சி ஒன்று உண்டா என்று கேட்டால், பிரிட்டனிலேயே இருக்கிறது: இன்று ஆளும் தொழிற்கட்சி. 1900 பிப்ரவரியில் லண்டனில் தொழிற்சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் கூடி அதைத் தொடங்கின. அந்த ஆண்டுத் தேர்தலில் கிடைத்தது இரண்டே இடம். 1901-இல் டாஃப் வேல் வழக்கில், வேலைநிறுத்தத்தால் ரயில்வே கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பானது. சங்கம் 23 ஆயிரம் பவுண்டு கட்ட வேண்டி வந்தது. சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் நம் ஆள் வேண்டும் என்பது அப்போதுதான் சங்கங்களுக்கு உறைத்தது. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

1903-இல் லிபரல் கட்சியோடு ரகசியமாகத் தொகுதி உடன்பாடு செய்துகொண்டார்கள். 1906-இல் 29 இடம் கிடைத்தது. நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 2006 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் தே.மு.தி.க. தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியும் விருத்தாசலம் ஒன்றுதான் கிடைத்தது. 2011-இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்தபோது சதவீதம் சற்றுக் குறைந்தும் 29 இடம். அதே ஓட்டுதான், வாய்க்கால் வெட்டி விட்டதும் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் 2016-இல் தே.மு.தி.க.வுக்கு ஒரு இடமும் இல்லை. தொழிற்கட்சியோ 1922-இல் 142 இடம் பிடித்து, 1924 ஜனவரியில் ராம்சே மெக்டொனால்டு தலைமையில் ஆட்சிக்கே வந்தது.

வித்தியாசம் எங்கே என்று யோசித்துப் பார்த்தால், எனக்குப் படுவது இது. தொழிற்கட்சிக்குக் கட்சி பிறப்பதற்கு முன்பே கிளைகள் இருந்தன. தெற்கு வேல்ஸிலும் டர்ஹாமிலும் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் சங்கம் இருந்தது, சங்கத்துக்கு மாதச் சந்தா வந்தது, கூட்டம் நடத்த இடமும் கணக்கு எழுத ஆளும் இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு 1909-இல் கட்சியோடு இணைந்தது. ஒரே ஊரில் நெருங்கி வாழ்ந்தவர்களின் ஓட்டு என்பதால் அது ஒரே ஏரியில் விழுந்தது. 1919-இல் டர்ஹாம் மாவட்டக் கவுன்சில் தொழிற்கட்சியின் கைக்கு வந்தது. அந்தக் கட்சி பிடித்த முதல் மாவட்டக் கவுன்சில் அது. பள்ளிக்கூடம், சாலை, சுகாதாரம் என்று ஊர்க் காரியம் பார்த்துப் பழகிய பிறகு வந்ததுதான் நாட்டை ஆளும் பெரிய நாற்காலி. அதிர்ஷ்டமும் கை கொடுத்தது. லிபரல் கட்சி 1916-இல் தலைவர்களின் சண்டையால் இரண்டாக உடைந்தது. 1918 சட்டம் வாக்காளர் எண்ணிக்கையை ஏறக்குறைய மூன்று மடங்காக்கியது. கிளைகள் இல்லாத கட்சிக்கு இதே அதிர்ஷ்டம் வந்திருந்தால் பயன்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

கிளை இல்லாத உதாரணமும் இருக்கிறது. 1981-இல் தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் நால்வர் பிரிந்துபோய் சமூக ஜனநாயகக் கட்சி தொடங்கினார்கள். 1983-இல் லிபரல்களோடு கூட்டணி வைத்து 25.4 சதவீதம் வாங்கினார்கள், இடம் 23. தொழிற்கட்சிக்கு 27.6 சதவீதம், இடம் 209. ஐந்தே ஆண்டில் சமூக ஜனநாயகக் கட்சி லிபரல்களோடு கரைந்துவிட்டது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். பிரெக்ஸிட் கட்சிதான் 2021-இல் ரிஃபார்ம் யூகே என்று பெயர் மாறியது. 2024-இல் அதற்கு 41 லட்சம் ஓட்டு, ஐந்து இடம். அதைவிடக் குறைவாக 35 லட்சம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் மட்டும் ஆளையும் பணத்தையும் குவிக்கும் கலையை அவர்கள் பல தேர்தல்களில் பழகியவர்கள். ரிஃபார்ம் 98 தொகுதிகளில் இரண்டாம் இடம்.

இங்கே ஒரு முக்கியமான திருப்பம் உண்டு. தூறல் போதாது என்றேன். ஆனால் அது பெருமழையாக வலுத்தால் ஏரிகள் ஒவ்வொன்றாக அல்ல, ஒரே சமயத்தில் நிரம்பும். 2024-இல் தொழிற்கட்சி வாங்கியது 33.7 சதவீதம்தான். இடமோ 411. போட்டியாளர்கள் பலராகப் பிரிந்து நிற்கும்போது முப்பது சதவீதத்தைத் தாண்டுகிற கட்சிக்கு இதே விதி அள்ளிக் கொடுக்கும். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 2010-இல் ஆறு இடத்தில் இருந்து 2015-இல் 56-க்குத் தாவியதும் இப்படித்தான். பதினைந்து சதவீதத்தில் கலகக் கட்சியை நசுக்குகிற விதியே முப்பதில் அதைத் தூக்கி உட்கார வைக்கும். நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பதுதான் கஷ்டம். அதுவரை கட்சியைக் கட்டி வைத்திருக்க உள்ளூரில் ஆள் வேண்டும்.

2025 மே மாதம் ரங்கோர்ன் இடைத்தேர்தலில் ரிஃபார்ம் ஆறே ஓட்டில் தொழிற்கட்சியை வென்றது. அதே நாள் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் 677 கவுன்சிலர்கள் ஜெயித்து, பத்து கவுன்சில்கள் அதன் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்று டர்ஹாம். 1919-இல் தொழிற்கட்சி முதன்முதலில் பிடித்த அதே டர்ஹாம். சுரங்கங்கள் மூடி, சங்கக் கிளைகள் கரைந்துபோன ஊர்களில் புதிய கட்சி நுழைந்திருக்கிறது.

யூகிப் கடைசிவரை ஒரு கோரிக்கையைச் சுமந்த கட்சியாகவே இருந்தது. ரிஃபார்ம் கவுன்சிலர்களின் மேஜைக்கு வருகிற காகிதங்கள் வேறு. முதியோர் பராமரிப்புக்கு யார் பணம் தருவது, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளைப் பள்ளிக்கு எப்படிக் கொண்டுபோவது, சாலைக் குழியை எப்போது மூடுவது. கவுன்சில் பணத்தில் பெரும்பகுதி முதியோருக்கும் குழந்தைகளுக்குமே போய்விடுகிறது. வெட்டிச் சேமிக்க மிச்சம் அதிகம் இருப்பதில்லை. குடியேற்றத்தைப் பற்றி மேடையில் பேசி ஓட்டு வாங்கியவர்கள் இந்தக் காகிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். பெரிய கட்சிகளால் எளிதில் பறித்துக்கொள்ள முடியாத செல்வாக்கு அங்கேதான் உருவாகும், அல்லது அங்கேதான் கலையும். கருத்துக்கணிப்பில் வரும் சதவீதத்தைவிட டர்ஹாம் கவுன்சிலின் வரவுசெலவுக் கணக்கையும், அங்கே ஜெயித்தவர்களில் எத்தனை பேர் பதவியில் தொடர்கிறார்கள் என்பதையும் நான் கூர்ந்து பார்ப்பேன். அங்கே அடுத்த கவுன்சில் தேர்தல் 2029 மே மாதம். நாடாளுமன்றத்துக்கான அடுத்த பொதுத்தேர்தலும் அந்த ஆண்டு ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும்.